வளர்பதிப்பு

சமாதானபுரத்தில்
டயர் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில்
எட்டுக்குப் பத்து அறை.
ஒரு கணினி, இருமுகிற ஒரு பிரிண்டர்,
இசக்கியப்பன், நான்.

மூன்று வருஷமாக நிலைப்பதிப்புதான்.
கரண்ட் போய் வந்தாலும்
விட்ட இடத்தில் எழுந்து நிற்கும்.
ஒரே ஒரு கோளாறு:
வரி முடிகிற இடத்தில் ஒகரம் வந்தால்
கொம்பு மேல்வரியிலேயே நின்றுவிடும்,
எழுத்தும் காலும் கீழே இறங்கிவிடும்,
குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிய ஆள் மாதிரி.
பழகிவிட்டது.
ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்,
ஒரு இடைவெளியைத் திணித்துத் தள்ளுவேன்.
இருக்கிற இடம் தெரிந்த பிழை
பாதிப் பிழைதான்.

செவ்வாய்க்கிழமை மானூரிலிருந்து ஒருவர்,
மகள் கல்யாணப் பத்திரிகைக்கு.
நாலு பக்கம், மாமன்மார் மட்டும் பதினேழு பேர்.
அத்தனை பேரையும் தள்ளிச் சரிசெய்தேன்,
அவர் பெயரைப் பார்க்கவில்லை.
ப்ரூப்பை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து
“ஏம்மா, எம் பேருல கொம்ப ஒடிச்சுட்டியள்லா” என்றார்.
கொம்பையா.

இதைச் சரிசெய்துவிட்டார்கள்.
எழுதிப் போட்டதே நான்தான்,
போன மாசிக்கு முந்தின மாசியில்,
படம் பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு.
எந்த ஊரிலோ யாரோ
ஒரு ராத்திரி உட்கார்ந்து கொம்பைத் தூக்கி
எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.
ஆனால் அது இருப்பது வளர்பதிப்பில்.

வளர்பதிப்பு. வினைத்தொகை.
வளர்ந்த, வளர்கின்ற, வளரும்.
மூன்று காலமும் உண்டு,
வெள்ளிக்கிழமை காலை டெலிவரி மட்டும் இல்லை.

“போட்ருவோம்க்கா” என்றான் இசக்கியப்பன்.
தவணை முடியாத தன் மடிக்கணினியில் ஏற்றிக் காட்டினான்.
கொம்பையா நேராக நின்றார்.
கொக்கிரகுளம், கொங்கந்தான்பாறை,
எதை ஓரத்தில் வைத்தாலும் உடையவில்லை.
எனக்குக் கண் கலங்கியது,
அவனிடம் சொல்லவில்லை.
பிறகு பிரிண்டரைத் தேடச் சொன்னால்
அப்படி எதுவும் இல்லை என்றது.
ஒரு முழத் தூரத்தில் அது இருமிக்கொண்டிருந்தது.
பத்து நிமிஷத்தில் சுட்டியும் காணாமல் போனது.

கடை பூட்டும்போது சொன்னான்:
“குறுக்குத்துறைல எங்க கோயில் ஆத்துக்குள்ளதான்க்கா இருக்கு.
வெள்ளம் வருதுன்னா உற்சவரத் தூக்கிக்கிட்டு
மேலக்கோயிலுக்குப் போயிருவோம்.
மூலவர் முங்கிக் கெடப்பாரு.
வடிஞ்சதும் சகதியக் கழுவுனா ஆச்சு.
தூக்கக்கூடியதத் தூக்கிட்டா அப்புறம் என்ன பயம்?”
“வெள்ளத்தன்னைக்கே கல்யாணம்னா?” என்றேன்.
ஷட்டர் பாதியில் சிக்கியது.
இரண்டு பேரும் சேர்ந்து தொங்கி இறக்கினோம்.

தூக்கம் வரவில்லை.
கடைக்கு நிலைப்பதிப்பே இருக்கட்டும்.
சரி, எல்லோரும் அப்படியே சொன்னால்?
என் கணினி மூன்று வருஷம் நிலையாக நின்றதே
எவனோ ஒருவனுக்கு எங்கோ சுட்டி காணாமல் போய்,
ராத்திரி ஒரு மணிக்குத் திட்டிக்கொண்டே
அதை எழுதி அனுப்பியதால்தானே.
அவன் கடையில் அன்றைக்கு யார் காத்திருந்தார்களோ.

வியாழக்கிழமை
ஒரு இடைவெளியைத் திணித்தேன்,
கொம்பையாவைக் கீழ்வரிக்கு முழுசாக இறக்கினேன்.
நானூறு பத்திரிகை, பழைய பதிப்பில்.
வளர்பதிப்பு இசக்கியப்பன் மடியில் அப்படியே ஓடியது.
மத்தியானம் தயிர்சாதத்தோடு கூப்பிட்டான்.
கொம்பைச் சேர்த்த கை
ஔகாரத்தின் சிறகைக் கைவிட்டிருந்தது.
கௌரியும் சௌந்தரமும் இரண்டு வரிகளில் கிடந்தார்கள்.
அவன் படம் பிடித்தான்.
வட்டம் நான் போட்டேன், அதே சிவப்பில்.

வெள்ளி காலை கொம்பையா வந்தார்.
தன் பெயர்ப் பக்கம் கண்ணே போகவில்லை.
விரலை நனைத்துக்கொண்டு மாமன்மாரை எண்ணினார்.
பதினேழு இருந்தது.
“மஞ்சள் கூடிப்போச்சோ?” என்றார்.

கூடித்தான் போயிருந்தது.